நேவி பனியனில் விழுந்த புள்ளிகள்

எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து அந்த மெயில் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். நான்தான் முதலில் படித்தேன். இங்கிலீஷ் மெயிலைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஆள் எங்கள் கம்பெனியில் அப்போது நான் ஒருத்திதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இந்தக் கதையில் அதைச் சொல்ல நல்ல இடம் கிடைக்காது.

நாலே வரிதான். நாங்கள் அனுப்பிய நேவி, அதாவது கருநீல டி-சர்ட்டின் போட்டோவைப் பார்த்தார்களாம். துணி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் புள்ளிகள் தெரிகின்றனவாம். அவர்கள் கேட்டது ஒரே நிறத் துணியாம். இன்று மாலைக்குள் விளக்கமும் சரியான போட்டோவும் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுமாம்.

திருப்பூர் மண்ணரையில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் பனியன் கம்பெனி. கீழே தையல், செக்கிங், அயர்ன். பத்துப் படி ஏறினால் ஆபீஸ் அறை. கீழே செக்கிங் டேபிளில் என் அம்மா. மேலே கம்ப்யூட்டருக்கு முன்னால் நான். அந்தப் பத்துப் படியை ஏற எனக்கு இருபத்தோரு வருஷம் ஆயிற்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் முதல். பி.காம் முடித்தவளும் நான்தான் முதல். முடித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் நின்று எட்டு மாதம் தைத்து வந்த பனியன் பீஸ்களில் பழுது இருக்கிறதா என்று செக் பண்ணியவளும் நான்தான்.

பிறகு எங்கள் மெர்ச்சண்டைசர், அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று மெயில் போட்டு ஆர்டரை நகர்த்துகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மூணு மாசம் பாப்பம் கண்ணு. சரிப்பட்டு வந்தா அந்தச் சேர் உனக்குத்தான். வரலீன்னாலும் கவலப்படாத, கீழ டேபிள் எங்கயும் போயிராது."

சேர் என்று அவர் சொன்னது சுழல் நாற்காலியை. அதில் உட்கார்ந்து ஒரு கால் ஊன்றித் தள்ளினால் ஜன்னலிலிருந்து பிரிண்டர் வரை எழுந்திருக்காமல் போகலாம். மெயில் வந்த அன்று மூன்று மாதத்துக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது.

அந்தப் போட்டோவை எடுத்தது நான். கேமரா, முதலாளி சிங்கப்பூர் போய்வந்தபோது வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். அதற்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதனிடம் அவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

சாம்பிளைக் கூரியரில் அனுப்பினால் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும் என்பதால், அந்தப் பையர் முதலில் போட்டோ கேட்பார்கள். அது சரியென்றால்தான் சாம்பிள் பீஸை அனுப்ப வேண்டும். மின்வெட்டுக் காலம் அது. ஜெனரேட்டர் மெஷின்களுக்கே போதாது; ஆபீஸ் அறைக்கு ஒற்றை டியூப்லைட்தான் கிடைத்தது. அந்த வெளிச்சத்தில் நேவி கறுப்பாகத் தெரிந்தது. ஃபிளாஷ் போட்டால் பளபளவென்று பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலத்துக்குப் போயிற்று. வேறு வழி இருக்கும் என்று கேமராவோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அந்தப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆளும் நான்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

கேமராவில் ஐ.எஸ்.ஓ. என்று ஓர் அமைப்பு இருந்தது. அதில் எண்பது, நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு என்று எண்கள். திருப்பூரில் வளர்ந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருபதாம் நம்பர் நூல் தடிமன். முப்பதாம் நம்பர் நைஸ். நாற்பதாம் நம்பர் அதைவிட நைஸ். துணி பின்னும் நிட்டிங் மெஷினிலும் இருபத்து நாலு கேஜைவிட இருபத்தெட்டு கேஜில் துணி நெருக்கமாக வரும். இந்த ஊரில் நம்பர் ஏற ஏறத் துணி நைஸாகும். ஆயிரத்து அறுநூறில் வைத்தேன். 'பெரிய எண் வைத்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் எடுக்கலாம்' என்று புத்தகமும் சொன்னது. அத்தோடு பக்கம் முடிந்துவிட்டதால் நானும் முடித்துக்கொண்டேன்.

எடுத்த படம் அப்படியும் சற்று இருட்டாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் பிரைட்னஸைக் கூட்டினேன். சின்னதாக்கி அனுப்பினால் கம்பெனிக்கு மரியாதை இல்லை என்று முழு அளவிலேயே அனுப்பினேன். படம் மெயிலில் ஏற அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மெயிலைச் சொன்னதும் முதலாளி வந்து திரையில் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இதென்ன கண்ணு, எள்ளுத் தூவுன மாதிரி இருக்குது. செக்கிங்ல யாரு பாஸ் பண்ணுனது?"

பாஸ் பண்ணியது அம்மா. மேலே கூப்பிட்டார்கள். அம்மா சாம்பிளை வாங்கி ஜன்னலருகே போய், உள்ளே கையை விட்டு விரித்து, தோளிலிருந்து அடிமடிப்பு வரை இரண்டு முறை பார்த்தாள்.

"புள்ளியா? எங்கட்டி இருக்கு?"

"இங்க பாரும்மா." திரையைக் காட்டினேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். பீஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "துணியில இல்ல. ஒன் பொட்டியிலதான் கெடக்கு."

"கேமரா பொய் சொல்லாது."

"அப்போ நான் பொய் சொல்லுதேனாக்கும். பதினாலு வருசமா பீஸ் பாக்கேன்."

அதோடு விட்டிருக்கலாம். முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே, மூன்று மாதம் முடிய பத்து நாள்தானே இருக்கிறது என்ற பதற்றத்தில், "ஒனக்குக் கண்ணாடி போடணுமோ என்னமோ" என்று சொல்லிவிட்டேன். அம்மா பீஸை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். செக்கிங் டேபிளில் கண் சரியில்லை என்று பேர் வந்தால் அடுத்த மாதம் அங்கே நிற்க முடியாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

முதலாளி முதலில் பஞ்சுத் தூசி என்று முடிவு செய்தார். செக்கிங்கில் இருந்து நாலு பேர் விரலில் செல்லோடேப்பைப் பசை வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றிக்கொண்டு அந்த ஒரு டி-சர்ட்டை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். அம்மா அந்த நாலு பேரில் சேரவில்லை. முக்கால் மணி நேரத்தில் பீஸ் எடை குறைந்துவிடும்போல இருந்தது. மறுபடி போட்டோ எடுத்தேன். புள்ளிகள் அப்படியே இருந்தன.

"அப்பச் சாயந்தான்" என்றார் முதலாளி. ஸ்டோர் ரூமில் அதே நேவித் துணி ரோல் ரோலாக வந்து இறங்கியிருந்தது. சாயத்தை இறக்கிவிட்டு மறுபடி போட வேண்டும் என்று டெம்போவுக்கும் சாயப்பட்டறை மாஸ்டருக்கும் ஒரே சமயத்தில் போன் போட்டார். மாஸ்டர் முதலில் வந்தார்.

கையிரண்டும் முழங்கை வரை அன்றைய சாயத்தில் மெரூனாக இருந்தன. மீசை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே போட்டுக்கொள்வார்.

"ஏனுங்ணா, நம்ம கையில போன துணியில புள்ளின்னு சொன்னீங்களாமா?"

"நாஞ் சொல்லலீங் மாஸ்டர். அம்மிணி எடுத்த போட்டோ சொல்லுதுங்க."

மாஸ்டர் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். "அம்மிணி என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காமுங்க."

"சாயத்தப் பத்தி அதுல வருதுங்களா?"

"வராதுங்க."

"சும்மா கேட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அப்புறம் சாம்பிளை வாங்கி, வேறு பீஸை யாரும் மாற்றி வைத்துவிடக்கூடாது என்பதற்காகத் தானே அதன் தோளைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். "இப்ப எடுங்க அம்மிணி. எம் முன்னாலயே எடுங்க."

எடுத்தேன். மூன்று பேரும் திரைக்கு முன் குனிந்தோம். பெரிதாக்கினேன். டி-சர்ட்டில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி. மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் மௌஸை மேலே நகர்த்தினேன். அவருடைய மோவாய் வந்தது, மீசை வந்தது. மீசை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனுங் மாஸ்டர், மீசைக்கும் துணிக்கும் ஒரே பட்டறையிலயா சாயம்?"

மாஸ்டர் மீசையைத் தொட்டு விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை. "ஏனுங்ணா, இது கடையில வாங்குறதுங்க" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

அவர்கள் இரண்டு பேரும் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மீசைக்குப் பின்னால் இருந்த அலமாரியின் நிழலைப் பார்த்தேன். அங்கேயும் புள்ளி. மேஜைக்கு அடியில் இருட்டு இருந்த இடத்திலும் புள்ளி. முந்தைய இரண்டு படங்களையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். செக்கிங்கில் எட்டு மாதம் நின்றதில் எனக்கு ஒன்று தெரியும். துணியில் பழுது இருந்தால் அது இடம் மாறாது. இந்த மூன்று படத்திலும் ஒரு புள்ளிகூட ஒரே இடத்தில் இல்லை.

சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஐ.எஸ்.ஓ. பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தின் முதல் வரி, 'ஆனால்' என்று ஆரம்பித்தது. ஆனால் எண் ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும். சின்னக் கேமராவில் இது அதிகம். இருட்டான நிறங்களில் இன்னும் அதிகம். எடுத்த பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளியும் சேர்ந்து கூடும். நான் செய்த ஒவ்வொரு காரியத்தையும் யாரோ மறைந்திருந்து பார்த்து எழுதியதுபோல வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

எண்ணை எண்பதுக்குக் கொண்டுவந்தேன். ஆபீஸுக்குப் போய் எடுத்துப் பார்த்தால், டி-சர்ட் பூகம்பத்தில் மாட்டியதுபோல இருந்தது. அந்த எண்ணில், அந்த டியூப்லைட்டில், கேமரா வெகுநேரம் கண்ணைத் திறந்துவைத்திருக்கிறது. அதுவரை என் கை சும்மா இருக்கவில்லை. கேமராவையும் பீஸையும் தூக்கிக்கொண்டு மறுபடி மாடி ஏறினேன். நட்ட நடு வெயில். நேராக வெயிலில் வைத்தால் கண் கூசியது. பிளீச் பண்ணிய வெள்ளைத் துணியில் ஒரு துண்டைக் கொடிக்கம்பியில் கூடாரம்போல விரித்துக் கட்டி, அதன் அடியில் பீஸை மாட்டினேன். இரண்டு நூல் கோனைக் கவிழ்த்து, மேலே அட்டைப் பெட்டி வைத்து, அதன்மேல் கேமரா. நான் தொட்டால் ஆடும் என்று டைமரில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.

படத்தில் ஒரு புள்ளி இல்லை. நேவி நேவியாக இருந்தது. கழுத்துப் பட்டியில் தையலை எண்ணலாம்.

அப்போது என் திட்டம் இதுதான்: பேசாமல் இருந்துவிடுவது. படம் சரியாகிவிட்டது, பையருக்கு அனுப்பிவிடுவேன், நம்பர் எத்தனை என்று யார் கேட்கப்போகிறார்கள்? கம்பெனியில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தானே. படித்ததால் கிடைத்த வசதிகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தயா, டேப்பு போட்டது லேட்டா வேல செஞ்சிருச்சு. அப்பப் பஞ்சும் இருந்திருக்குது, மீசையப் பாத்தா சாயமும் இருந்திருக்குது."

"பையருக்கு அனுப்பிரட்டுங்களா?"

"அனுப்பு. ஆனா ஒரு பீசுக்கு நாலு பேரு டேப்பு போட்டாங்க. மொத்த ஆர்டருக்கும் டேப்பு போட ஊரையே கூப்புடோணும். துணி பட்டறைக்கே போகட்டும்."

கீழே டெம்போ வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோல்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு ரோலின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல துணியில் சாயத்தை இறக்கி மறுபடி போட்டால் துணி உயிர் இல்லாமல் தொளதொளத்துப் போகும். அதை மாஸ்டர் சொல்லிப் பார்த்திருப்பார். மீசையிலேயே புள்ளி வந்த ஆளின் பேச்சை யார் கேட்பார்கள்? செக்கிங் டேபிளில் அம்மா தலை நிமிராமல் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடக் கிட்டத்தில், கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் பார்த்தாள்.

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நான் எழுந்த வேகத்தில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கீழே போய்ச் சேர்ந்தபோது டிரைவர் பின்கதவைப் போட்டிருந்தார். முதலாளியும் எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார்.

"துணிய எறக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்குக் கண்ணு?"

"துணி நல்லாத்தான் இருக்குதுங்க. கேமராவுல நம்பர் தப்பா இருந்துச்சுங்க."

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "தப்பா இருந்துச்சுங்களா, தப்பா வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"யாருங்க அம்மிணி?"

"நாந்தாங்க."

தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் செக்கிங் டேபிளில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்பது அவர்கள் பீஸைத் திருப்பாமல் நின்றதில் தெரிந்தது.

"எத்தன நம்பர் வெச்ச?" என்றார் முதலாளி.

"ஆயிரத்தி அறநூறுங்க."

"எத்தன வெக்கோணும்?"

"எம்பதுங்க."

முதலாளி யோசித்தார். அவர் நூல் வியாபாரத்தில் ஆரம்பித்து மேலே வந்தவர். "எம்பது கொறச்சலாச்சே. கொறஞ்ச நம்பர்ல எப்புடிக் கண்ணு நைஸா வரும்?"

"அதானுங்களே" என்றார் மாஸ்டர். "நானா இருந்தாலும் மேலதானுங்க வெச்சிருப்பேன்."

"நாப்பதாம் நம்பர் நூலுக்கு என்ன வெல, இருவதாம் நம்பருக்கு என்ன வெல? கேமராக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?"

இரண்டு பேரும் கேமரா செய்தவனைக் கொஞ்ச நேரம் திட்டினார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக வந்து நின்றிருந்தேன். எனக்கு முறை வரவில்லை. பிறகு நானே நடுவில் புகுந்தேன்.

"கோயில்ல மைக்செட் போடுறாங்கல்லங்க. பேசுறவரு மெதுவாப் பேசுனா வால்யூமக் கூட்டுவாங்க. பேச்சு கேக்கும், ஆனா கொர்ருன்னு எரைச்சலும் சேந்து வரும். கேமராவும் அப்படித்தாங்க. இருட்டுல வெளிச்சம் பத்தலைன்னு நான் வால்யூமக் கூட்டுனேன். அந்த எரைச்சல்தான் புள்ளியா விழுந்திருக்கு. வெளிச்சத்துல வெச்சுக் கொறைச்சா எரைச்சல் இல்லீங்க."

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. உடனே மீசையை நீவிக்கொண்டார். "அப்ப நம்மது எரைச்சலுங்களா."

அம்மா டேபிளிலிருந்து வந்தாள். கையில் யாருடைய பீஸோ இருந்தது.

"அப்போ எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"சத்தமாச் சொல்லு. டிரைவருக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். டிரைவர், "கேட்டுச்சுங்க" என்றார்.

துணியை இறக்கினார்கள். நான் மேலே போய்ப் படத்தைப் பாதி அளவாக்கி, டியூப்லைட்டில் எடுத்ததால் வந்த பிழை அது, துணியில் பழுது இல்லை என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். மாலை ஆறரைக்குப் பதில் வந்தது. ஓகே, பீஸ் அனுப்புங்கள் என்று ஒரே வரி. முதலாளிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அப்புறம் எழுந்து நின்றேன். நாற்காலியைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று.

"உக்காரு கண்ணு" என்றார். "நீ சொல்லாம இருந்திருந்தீன்னா துணி போயிருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்காது. சேர் உன்னுதுதான். ஆனா பொஸ்தகத்தப் பாதிதான் படிக்கறே. இனிமே போட்டோ வெளிய போறதுன்னா உங்கம்மா பாத்துப் பாஸ் பண்ணித்தான் போகோணும்."

மறுவாரம் காலர் வைத்த வெள்ளை போலோ டி-சர்ட் ஒன்றுக்குப் போட்டோ எடுத்தேன். எண்பதாம் நம்பர், மொட்டை மாடி, வெள்ளைக் கூடாரம், டைமர் எல்லாம் சரி. திரையில் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா படியேறி வந்து, என்னை எழுப்பிவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நகர்ந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "பெருசாக்கு. இன்னும் பெருசாக்கு. மெதுவா நவுத்து" என்று சொல்லச் சொல்ல நான் எட்டி மௌஸை நகர்த்தினேன். பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கரைச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையில் வைத்திருந்தாள். பீஸில் ஒட்டுவதுபோலவே மானிட்டர் கண்ணாடியில் நாலு இடத்தில் ஒட்டினாள்.

"இதெல்லாம் ஸ்கிரீன்ல தூசிம்மா" என்றேன்.

"தொடச்சுக் காட்டு."

துடைத்தேன். மூன்று போயிற்று. நாலாவது போகவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். இடது கைமடிப்பில் வெட்டாமல் விட்ட நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"டிரிம் பண்ணிட்டு மறுபடி எடு" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனாள். நான் கத்தரியையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.